தீவனத்தின் மேல் ஒரு வழக்கு

2023 ஜனவரியில் அமெரிக்கக் கொல்லைப்புறக் கோழிகள் முட்டையிட மறுத்தன. கடையில் டஜன் முட்டை சராசரியாக 4.82 டாலர். பறவைக் காய்ச்சலில் முந்தைய ஆண்டு மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட முட்டைக்கோழிகள் போயிருந்தன. காய்ச்சல் கதையில் சுவாரசியம் ஏது? தீவன மூட்டையில் எதையோ கலந்துவிட்டார்கள், நம்மைக் கடை முட்டை வாங்கவைக்கச் சதி என்று பேச்சு கிளம்பியது. கோழி வளர்த்தவரெல்லாம் துப்பறிவாளர் ஆனார்கள்.

பிறகு வைத்தியம். பூண்டு, ஆப்பிள் சைடர் வினிகர், மிளகாய்த்தூள். கோழியின் உடம்பைச் சூடேற்றுமாம்! பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்கவே உறைக்காது; உறைப்பதெல்லாம் வாங்கியவரின் பர்சுக்குத்தான். கிளிஞ்சல் தூள் நல்லதே, ஆனால் அது ஓட்டைக் கெட்டியாக்கும். இல்லாத முட்டைக்கு ஓடு எதற்கு?

கோழிக்குக் கணக்கு ஒன்றுதான்: வெளிச்சம். மண்டையோட்டையும் தாண்டி மூளைக்குள் இறங்கும் ஒளியை வைத்துப் பகலின் நீளத்தை அது அறிகிறது. ஏறக்குறைய 14 மணி நேரம் இருந்தால் முட்டை; அமெரிக்காவின் வடமாநிலங்களில் டிசம்பர் பகல் 9 மணி நேரம்தான். போதாக்குறைக்கு இலையுதிர் காலத்தில் பழைய இறகு உதிர்கிறது. தின்கிற புரதமெல்லாம் புது இறகுக்கே போய்விடும்.

வசந்தத்தில் பகல் நீண்டது, கோழிகள் இட்டன. பாராட்டு மாற்றிப் போட்ட தீவனத்துக்குப் போயிற்று. குளிர்காலத்திலும் முட்டை வேண்டுவோர் கூண்டில், விடிவதற்கு முன் சில மணி நேரம், ஒரு பல்பு போடுங்கள்.