ஜாஸ் கல்விக்கு அகப்பொருள் இலக்கணம்

ஜாஸ் கற்பித்தலின் வரலாற்றை ஆண்டு வரிசையில் சொல்வது சோம்பேறிகளின் வேலை. பள்ளிக்கும் ஜாஸுக்கும் இருந்தது காதல் விவகாரம். அதற்கு நம்மிடம் பழுத்த இலக்கணம் இருக்கிறது. ஆகவே களவு, கற்பு, கைக்கிளை, பெருந்திணை என நான்காகப் பகுத்தோம். ஐந்தாவது கேட்பவர்களுக்குப் புறனடை உண்டு.

களவாவது, பாடத்திட்டம் அறியாமல் கூடுவது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஜான் 'ஃபெஸ்' வாட்லி கறுப்பின மாணவர்களுக்கான இண்டஸ்ட்ரியல் உயர்நிலைப் பள்ளியில் அச்சுத்தொழில் வாத்தியார். அச்சுக்கோக்க வந்த பிள்ளைகள் டிரம்பெட்டும் கையுமாக வெளியே போனார்கள். பின்னாளில் ஜாஸில் பெயர்பெற்ற சன் ரா அங்கே படித்தவர். சிகாகோவின் டுசேபிள் பள்ளியில் இசையாசிரியர் 'கேப்டன்' வால்டர் டயட். முழு பாண்டும் முழங்கும்போதே பிசகியவன் எவன் என்று பிடித்துவிடும் காது, கண்டிப்போ ராணுவத்தனம். ஆண்டுதோறும் 'ஹை-ஜிங்ஸ்' என்ற மேடை நிகழ்ச்சி நடத்தினார். சாக்ஸஃபோன்காரர்கள் ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின் எனக் கிளம்பிய சீடர்களின் பட்டியல் ஒரு நிலையவித்வான் கூட்டத்துக்குப் போதும். நான்கில் தலையாயது இதுவே என்பது எம் துணிபு. மறுப்பவர்கள் கிரிஃபினைக் கேட்டுவிட்டு வரவும்.

கற்பாவது, பதிவாளர் முன்னிலையில் மணப்பது. 1947-இல் டெக்சஸின் டென்டன் நகர ஆசிரியர் கல்லூரியில் ஜீன் ஹால் ஜாஸுக்குப் பட்டப்படிப்பே தொடங்கினார். 'ஜாஸ்' என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று 'நடன இசைக்குழு'ப் பட்டம் என்றே பதிந்தார்கள். இத்திணைக்கு முதற்பொருளில் நிலத்தைவிடப் பொழுதே சிறந்தது. ஒத்திகை நேரமே குழுவின் பெயர்: ஒருமணிக் குழு உச்சம், இரண்டுமணிக் குழு அதற்கடுத்தது, இப்படியே பொழுது சாயச் சாயத் தரமும் சாயும். சிறுபொழுதை ஆறோடு நிறுத்திய தொல்காப்பியருக்கு டென்டன் கால அட்டவணை கிடைக்கவில்லை.

பாஸ்டனில் லாரன்ஸ் பர்க் 1945-இல் தொடங்கிய ஷிலிங்கர் ஹவுஸ் 1954-இல் மகன் லீ பர்க்கின் பெயரைத் திருப்பிப் போட்டு பர்க்லீ ஆயிற்று. பிள்ளை பேரில் கடை வைப்பது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல. கற்பினுள் களவும் நிகழும்: 1970-களில் அங்கே மாணவர்கள் கைப்பட எழுதி, காப்புரிமையைக் கண்டுகொள்ளாமல், நகலெடுத்து ரகசியமாக விற்ற 'ரியல் புக்' என்ற ஜாஸ் மெட்டுத் தொகுப்பு சான்று. அதில் சுரக்கூட்டுகள் (கார்டு) ஆங்காங்கே தப்பு. அந்தத் தப்பையே ஒரு தலைமுறை நெட்டுருப் போட்டது. ஹால் லியோனார்ட் நிறுவனம் 2004-இல் உரிமை பெற்று அதை அச்சிட, அதுவும் கற்பாயிற்று.

கைக்கிளை, ஒருதலைக் காமம். ஃபிராங்ஃபர்ட்டின் ஹோக் இசைக்கல்லூரி 1928-லேயே ஜாஸ் வகுப்பு திறந்தது. ஹங்கேரியரான மாட்யாஸ் ஷைபர் ஆசிரியர். டென்டனுக்கு 19 ஆண்டு முந்தியது. பத்திரிகைகள் கொதித்தன. 1933-இல் நாஜிகள் வந்தார்கள். வகுப்பு மூடப்பட்டது, யூதரான ஷைபர் வேலை இழந்தார். இந்தத் திணையில் நகைச்சுவைக்கு இடமில்லை.

பெருந்திணை, பொருந்தாக் காமம். மாசசூசெட்ஸ் மாநிலம் லெனாக்ஸில் 1957 முதல் 1960 வரை கோடைகால ஜாஸ் பள்ளி நடந்தது. 1959-இல் அங்கே மாணவராகச் சேர்ந்தவர் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன். வயது 29, முதல் இசைத்தட்டு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. ஜான் லூயிசும் கன்தர் ஷுல்லரும் கொண்டாட, வேறு சில ஆசிரியர்கள் நெளிந்தார்கள். சில மாதங்களில் அந்த 'மாணவர்' நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் வாசித்து ஊரையே இரண்டுபடுத்தினார்.

புறனடை: பள்ளியும் இல்லாமல் ஆசிரியரும் இல்லாமல் கற்பதும் உண்டு. 1967-இல் ஜேமி ஏபர்சோல்ட் தொடங்கிய பக்கவாத்திய இசைத்தட்டுகளில் இடப்பக்கம் பாஸ், வலப்பக்கம் பியானோ. பியானோக்காரர் வலப்பக்கத்தை அடைத்துவிட்டுத் தாமே வாசிக்கலாம். எத்தனை முறை பிசகினாலும் தட்டு டயட்டைப் போல முறைக்காது. இதையும் ஒரு திணையாகக் கொள்வதா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர்.