சொல்தாவும் மாணவனும்

(புதுச்சேரி, ரெட்டியார்பாளையம். விழுப்புரம் சாலை இரைச்சல் லேசாகக் கேட்கிற ஓர் உள்தெரு, ஞாயிறு காலை. மதில் சுவருக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற எண்பது வயது சொல்தா. அந்தப் பக்கம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் 47 வயது மென்பொருள்காரர்.)

சொல்தா: ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்டு எரிஞ்சுதே தம்பி. அமெரிக்காக்காரன் விடலையா?

மாணவர்: இல்ல மாமா, அசைன்மென்ட். சென்னை ஐ.ஐ.டி.யில ஆன்லைன் பி.எஸ். சேர்ந்திருக்கேன், டேட்டா சயின்ஸ்.

சொல்தா: பிள்ளைச்சாவடி இன்ஜினியரிங் காலேஜ்ல பி.டெக். முடிச்சியே, அது என்னாச்சு?

மாணவர்: அது 1999.

சொல்தா: அந்தக் காலேஜே 2020-ல பல்கலைக்கழகமா உசந்துடுச்சு. நீ முதல் வருஷத்துக்கு எறங்கிட்டியே!

மாணவர்: இதுவும் 2020-ல அறிவிச்ச படிப்புதான். பிளஸ் டூ முடிச்சிருந்தா போதும், வயசு வரம்பே கிடையாது. நாலு வாரம் பாடம், அப்புறம் தகுதித் தேர்வு. பரீட்சைக்கு மட்டும் நேர்ல போகணும். டிகிரி முடிக்க எட்டு வருஷம் வரைக்கும் டைம்.

சொல்தா: அப்ப உனக்கு அம்பத்தஞ்சு. நான் 1965-ல பட்டாளத்துல சேர்ந்தேன். 15 வருஷம் சர்வீஸ், முப்பத்தஞ்சு வயசுல பென்ஷனோட வீடு.

மாணவர்: 15 வருஷ வேலைக்கு 45 வருஷ பென்ஷன். எந்த மியூச்சுவல் ஃபண்டு மாமா இப்படிக் குடுக்கும்?

சொல்தா: கண்ணு வைக்காத. ஆப்பிரிக்காவுல, ஜிபூத்தி வெயில்ல காஞ்ச உடம்பு. சரி, என்னதான் சொல்லித் தர்றாங்க?

மாணவர்: கம்ப்யூட்டேஷனல் திங்கிங்னு ஒரு பாடம். ரெண்டு புரொஃபசருங்க கடை பில்லுங்களை அட்டை அட்டையா குவிச்சு வச்சிருப்பாங்க. மேல இருக்கறதை எடுத்துப் பார்த்து, பக்கத்துல வச்சுட்டு, அடுத்ததை எடுப்பாங்க. குவியல் தீர்ற வரைக்கும் இதேதான். அதான் லூப்பு.

சொல்தா: இதை ஆபீஸ்ல எத்தனை வருஷமா பண்ற?

மாணவர்: இருபத்தஞ்சு. ஆனா முதல் குவிஸ்ல பத்துக்கு ஆறுதான் வந்துச்சு.

சொல்தா: பேங்க் கேஷியர் காசு எண்ண டியூஷன் போன கதைதான்!

மாணவர்: சிரிக்காதீங்க. வேலையில சேர்ந்தப்ப ஒய்-டூ-கே. வருஷத்துக்கு ரெண்டு இலக்கம் மட்டும் ஒதுக்கின பழைய புரோகிராமையெல்லாம் திருத்தினோம். 2000 பொறந்துச்சு, வேலை தீர்ந்துச்சு. அப்புறம் ஜாவா. எல்லாமே கிளையன்ட் கேட்டான்னு கத்துக்கிட்டது. ஏன், எதுக்குன்னு யோசிக்க எங்க நேரம்? வருமானத்துக்குச் சராசரியை நம்பாத, இடைநிலையைப் பாருன்னு முந்தாநாள்தான் புரிஞ்சுது. நம்ம தெருவுக்குச் சராசரி போட்டா, உங்க ஒருத்தரோட யூரோ பென்ஷன் அத்தனை பேரையும் பணக்காரன் ஆக்கிடுது.

சொல்தா: என் பணத்துல கணக்குப் படிக்கிறியா, படி. வேற?

மாணவர்: பைத்தான்னு ஒரு புரோகிராம் மொழி.

சொல்தா: புதுசா?

மாணவர்: 1991-ல வந்தது.

சொல்தா: அப்ப உனக்குப் பதிமூணு. உண்மையைச் சொல்லு, ஆபீஸ்ல என்ன பிரச்சினை?

மாணவர்: (தணிந்த குரலில்) டீம் லீடுக்கு இருபத்தாறு வயசு. எனக்கு ரெண்டு நாள் பிடிக்கற வேலையை ஏ.ஐ.கிட்டக் கேட்டு டீ ஆறறதுக்குள்ள முடிச்சுடறான். 'அண்ணா, நீங்க ரிவியூ மட்டும் பாருங்க'ங்கறான்.

சொல்தா: அங்கிள்னு கூப்பிடறதுக்குள்ள டிகிரியை வாங்கிடு. அதுவரைக்கும் சாயந்திரத்துல பெத்தாங் ஆட வா. இரும்புக் குண்டை உருட்டி, அந்தச் சின்ன மர உருண்டைக்குக் கிட்ட நிறுத்தணும். பதிமூணு பாயின்ட் எடுத்தா ஆட்டம் முடிஞ்சுது. அசைன்மென்ட்டே கிடையாது.

மாணவர்: எனக்கும் ஹாபி இருக்கு மாமா. கேமரா, டெலஸ்கோப், கித்தார்...

சொல்தா: பரண்ல கிடக்கே, அதுவா? போகிக்கு எறக்கிடலாமான்னு உன் வீட்டுக்காரி என்கிட்ட யோசனை கேட்டுச்சு.

மாணவர்: ஹாபியைக் குறைச்சுப் பேசாதீங்க. சுவிட்சர்லாந்துல வேதியியல் ஆராய்ச்சி பண்ண கல்யாணசுந்தரம், ஓய்வு நேரத்துலதான் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கினார். 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் ஆரம்பிச்சார். பழைய தமிழ் நூலையெல்லாம் இன்னைக்கு உலகமே இலவசமா இறக்கிப் படிக்குது.

சொல்தா: அவர் கித்தார் வாங்கலியே.

(சிறிது மௌனம். மதில் மேலாக ஒரு காகிதம் நீளுகிறது.)

சொல்தா: கோச்சுக்காத. ஒரு உதவி பண்ணு. நான் உயிரோட இருக்கேன்னு வருஷாவருஷம் பிரான்சுக்குச் சர்டிபிகேட் அனுப்பணும். இப்ப கம்ப்யூட்டர்லயே ஏத்தலாமாம்.

மாணவர்: அஞ்சு நிமிஷ வேலை. குடுங்க... மாமா, இது பூரா பிரெஞ்சா இருக்கே!

சொல்தா: எனக்குக் கண்ணு தெரியல, உனக்குப் பாஷை தெரியல. பாண்டிச்சேரிக்காரன்னு பேரு வேற. சுஃப்ரேன் தெருவுல அலியான்ஸ் பிரான்சேஸ்ல சொல்லித் தர்றாங்களே, தெரியாதா?

மாணவர்: சனிக்கிழமை பேட்ச் இருக்குமா மாமா?