தீவு என்றால் நடுக்கடலில்தான் இருக்க வேண்டுமா?

இந்த வாரம் கேள்விகள் எல்லாமே தண்ணீரையும் காற்றையும் பற்றியே வந்திருக்கின்றன. பதில்கள் கொச்சியை ஒட்டிய களமசேரியிலிருந்து.

கரீபியன் தீவு நாடுகள் சேர்ந்து சுற்றுச்சூழல் நலத்துக்கென்று ஒரு நிறுவனம் நடத்தினவாமே. களமசேரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், தூத்துக்குடி

களமசேரியை ஒட்டி ஒரு தீவு இருக்கிறது, அதுதான் சம்பந்தம். பெரியாற்றின் கிளைகள் சுற்றி வளைத்த ஏலூர். பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். 1947இல் ஃபாக்ட் உர ஆலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. பின்னாலேயே பூச்சிக்கொல்லி, காஸ்டிக் சோடா, அரிய மண் தாது என்று ஆலைகள் வரிசை கட்டின. பக்கத்து எடயாரும் ஆலைகளால் நிறைந்தது. கடல் சூழ்ந்த தீவுக்காரர்களின் கவலைதான் ஏலூர்க்காரர்களுக்கும். இடம் கொஞ்சம். அந்த ஆறும் அந்தக் கிணறும் கெட்டுப்போனால் நகர்ந்துபோக வேறு பக்கம் கிடையாது.

அந்த நிறுவனம் அப்படி என்ன செய்தது?
— வாசகி, திருச்சி

கரீபியன் சுற்றுச்சூழல் நல நிறுவனம் செயின்ட் லூசியா தீவில் இருந்தது. சொந்தமாகப் பெரிய ஆய்வுக்கூடம் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்னஞ்சிறு நாடுகளுக்குக் குடிநீர், கழிவுநீர், குப்பை, கடற்கரை எல்லாவற்றிலும் அதுவே துணை. கூரையில் விழும் மழையைச் சேர்த்துக் குடிப்பது எப்படி என்று கையேடு போட்டுப் பரப்பியது. ஆனால் நான் முக்கியமாக நினைப்பது 2013இல் நடந்ததை. இந்த நிறுவனம், தொற்றுநோய் மையம், உணவு-ஊட்டச்சத்து நிறுவனம், மருத்துவ ஆராய்ச்சி மன்றம், மருந்துப் பரிசோதனைக்கூடம் ஆகிய ஐந்தையும் இணைத்து ஒரே பொதுச் சுகாதார முகமையாகச் செயல்பட வைத்தார்கள். தண்ணீரைச் சோதிப்பவரும் நோயாளியைக் கணக்கெடுப்பவரும் அன்று முதல் ஒரே வீட்டுக்காரர்கள். கொச்சிக்கும் அப்படி ஒரு நிறுவனம் வேண்டும் என்கிறேன்.

கொச்சியில் ஆய்வாளர்களுக்கா பஞ்சம்?
— வாசகர், எர்ணாகுளம்

பஞ்சமே இல்லை. குசாட் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் துறை இருக்கிறது. களமசேரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி. பனங்காட்டில் மீன்வளப் பல்கலைக்கழகம். கடல் மீன் ஆராய்ச்சிக்கு மத்திய நிறுவனமே இங்கேதான். இத்தனை பேரும் ஒரே மேசையில் உட்கார்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

2024 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். 20, 21 தேதிகளில் பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. வராப்புழை, கடமக்குடி, சேரானல்லூர்ப் பக்கம் கூண்டு போட்டு மீன் வளர்த்தவர்கள் முதலையே இழந்தார்கள். ஆற்றில் திரியும் மீன் ஒன்றிரண்டாவது விலகி ஓடும், கூண்டு மீன் எங்கே ஓடும்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பாதாளம் ரெகுலேட்டர் அணையின் ஷட்டர்களைத் திறந்தபோது ஆக்சிஜன் குறைந்த நீர் கீழே வந்தது காரணம் என்றது. மீன்வளப் பல்கலைக்கழகமோ அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகச் சொன்னது. இரண்டு அறிக்கைக்கும் நடுவே மீன் வளர்த்தவர் நிற்கிறார்.

யோசித்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று வெட்ட வேண்டியதில்லை. அணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் கழிவு அழுகினால் ஆக்சிஜன் தீரும். ஆக்சிஜன் தீர்ந்த அடிச்சேற்றில்தான் அந்த வாயுக்களும் பிறக்கும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அழுகியது எது, யார் விட்டது? அதற்குச் சம்பவத்துக்கு முந்தைய நாள், முந்தைய வாரம், முந்தைய மாத மாதிரிகள் வேண்டும். மீன் செத்த பிறகு பாட்டிலோடு ஓடி வந்து பயனில்லை.

மீன் செத்தது சரி. மனிதனுக்கு என்ன ஆனது என்று யாராவது சொன்னார்களா?
— வாசகி, பாலக்காடு

பார்த்தால்தானே சொல்ல முடியும்! பிரான்சின் ஆட்சியிலுள்ள மார்டினிக், குவாதலூப் தீவுகளின் வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்டிகோன் என்ற பூச்சிக்கொல்லியைப் போட்டார்கள். பிரான்சின் நிலப்பகுதியில் 1990லேயே தடை வந்துவிட்டது, தீவுகளில் மூன்று ஆண்டு கூடுதலாக ஓடியது. பின்னாளில் ரத்தத்தைச் சோதித்தபோது பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் அது இருந்தது. அதைத் தெளித்த தோட்டத் தொழிலாளிக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தால் அது தொழில்நோய் என்று 2021இல் அரசே ஒப்புக்கொண்டது. ரத்தம் எடுத்ததால்தான் அந்த நீதி கிடைத்தது.

டிடிடி அதே இனத்து ரசாயனம். ஏலூரில் பல பத்தாண்டுகள் தயாரானது. 1999இல் கிரீன்பீஸ் ஆய்வாளர்கள் அங்குள்ள குழிக்கண்டம் ஓடையின் மாதிரிகளை எடுத்தபோது டிடிடியும் அதன் எச்சங்களும் அகப்பட்டன. ஓடைச் சேற்றைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். கரையில் குடியிருப்பவர்களின் உடம்பையும் ஆண்டு தவறாமல் பார்க்க ஒரு நிலையான அமைப்பு வேண்டும் என்பதே என் கோரிக்கை.

களமசேரியில் வாடகைக்கு வந்திருக்கிறோம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?
— புதிதாகக் குடிவந்த வாசகி

குழாய் நீர் என்றால் பெரும்பாலும் ஆலைகளுக்கு மேலே, ஆலுவாவில் எடுத்துச் சுத்திகரித்து வருவது. கொதிக்க வைத்துக் குடியுங்கள். கிணற்று நீர் என்றால் கதை வேறு. கொதி கிருமியைக் கொல்லும், உலோகத்தையும் பூச்சிமருந்தையும் ஒன்றும் செய்யாது. தண்ணீர் வற்ற வற்ற உலோகத்தின் செறிவு கூடவே செய்யும். ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கொடுங்கள், முடிவு வரும்வரை சமையலுக்கும் அதை எடுக்காதீர்கள்.

ஆலைகளை மூடச் சொல்கிறீர்களா? என் மகனுக்கு அங்கேதான் வேலை.
— தந்தை, எடயார்

இல்லை ஐயா. கழிவு முதலில் தொடுவது உங்கள் மகனைத்தான். ஊருக்கு வருவதற்கு முன் ஷிப்டில் நிற்பவர் நுரையீரலுக்குள் போகிறது. அவரைக் காப்பாற்றும் ஏற்பாடுதான் ஊரையும் காக்கும்.

நாங்கள் மட்டாஞ்சேரி. ஏலூர் எங்கோ இருக்கிறது. எங்களுக்கென்ன?
— வாசகர், மட்டாஞ்சேரி

உங்கள் மீன் சந்தைக்கு அது எங்கோ இல்லை. பெரியாற்று நீர் காயலில் கலந்து உங்கள் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. காற்றும் அப்படியே. 2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து நகரமே புகையில் மூச்சுத் திணறியதே!

எண்ணூரிலும் இரவில்தான் நாற்றம். புகார் சொன்னால் காலையில் வந்து ஒன்றுமில்லை என்கிறார்கள்.
— வாசகி, எண்ணூர்

2023 டிசம்பர் 26 இரவு உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து நீங்கள் பட்ட பாடு ஊரறியும். ஏலூர்க்காரர்களும் இரவு நாற்றத்தைத்தான் சொல்கிறார்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மணி, காற்று வந்த திசை, வீட்டில் யாருக்கு இருமல், யாருக்குக் கண்ணெரிச்சல். தெருவில் பத்து வீடு இப்படி எழுதினால் அந்த நோட்டுகளை யாரும் லேசில் தள்ள முடியாது.

லட்சத்தீவுக்கும் கொச்சிதானே ஆஸ்பத்திரி?
— வாசகர், நாகர்கோவில்

பெரிய வைத்தியம் என்றால் கொச்சிக்குத்தான் வருகிறார்கள். லட்சத்தீவில் மண்ணுக்கடியில் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நன்னீர் நிற்கிறது. அதிகம் இறைத்தால் உப்பு ஏறும், செப்டிக் டேங்க் கசிந்தால் கெடும். சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் ஆழ்கடல் குளிர்நீரைக் கொண்டு குடிநீர் வடிக்கும் நிலையம் அமைத்தது, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். கொச்சியில் நான் கேட்கும் நிறுவனம் வந்தால் ஏலூரோடு லட்சத்தீவும் அதன் பொறுப்பில் வர வேண்டும்.

எல்லாம் சரி, பணம் யார் தருவது?
— வாசகர், வேலூர்

உங்கள் ஊரே பதில் சொல்லியிருக்கிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியாற்றில் கழிவு விடும் ஒவ்வொரு ஆலையிடமும் அந்தத் தீர்ப்பின்படி ஆண்டுக் கட்டணம் வாங்கலாம். வாங்கும் பணம் அரசு கஜானாவில் கரையாமல் நேராகக் களமசேரி மருத்துவக் கல்லூரிக்குப் போகட்டும். ஏலூரிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் எந்த வார்டு, என்ன வேலை, கிணறா குழாயா என்ற மூன்று கேள்வி சேரட்டும். அதற்குக் கட்டடம் கட்டிக் காத்திருக்க வேண்டாம், அடுத்த ஓ.பி. நாளிலேயே ஆரம்பிக்கலாம்.