குறுக்குப் பாதைக்கு வந்த வாழ்வு

எங்கள் பிள்ளைப் பருவத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் நடக்காமல் எதுவும் கிடைக்காது. விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நடை, அங்கிருந்து மலைக்கு நடை, கொழுந்தை நிறுக்க மடுவத்துக்கு நடை, எங்களுக்குப் பாடசாலைக்கு நடை. சம்பளம் போட்ட வாரத்தில் அரிசியும் கருவாடும் வாங்க டவுனுக்கு நடை, அப்படிப் போன இடத்தில் படமும் பார்த்துவிட்டால் பின்னிரவில் பந்தம் பிடித்துக்கொண்டு, பார்த்த படத்துப் பாட்டையே பாடிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் நடை. அதே மலைகளில் இன்று முதுகில் பையும் கையில் ஊன்றுகோலும் கைபேசியில் வரைபடமுமாக, வழிகாட்டி யாரையும் அமர்த்திக்கொள்ளாமல், வெளிநாட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு நடக்க வருகிறார்கள். கொழும்பிலிருந்து நம் பிள்ளைகளும் வருகிறார்கள். நாங்கள் மணியடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று மூச்சிரைக்க ஓடிய ஏற்றத்தில், எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அவர்கள் நடக்க வரும் பாதையின் பெயர் பீகோ ட்ரெயில். 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 22 கட்டங்கள். கண்டியில் ஹந்தானை மலையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொட, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று ஏறியும் இறங்கியும் போய், ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று கிழக்கே சுற்றி, உடப்புசல்லாவை வழியாக நுவரெலியாவில் முடிகிறது. மிகுவேல் குனாட் என்ற ஸ்பெயின்காரர், இலங்கையிலேயே தங்கிவிட்ட சுற்றுலாத் துறையாளர், இந்தத் தடங்களைத் தொடுக்க முன்நின்றார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் கைகொடுத்தன. பாதை பெரும்பாலும் பழையதுதான்: கொழுந்து போன பாதை, தேயிலைப் பெட்டி போன பாதை, துரைமார் குதிரையில் போன பாதை, எங்களைப் போன்றவர்கள் பாடசாலைக்குப் போன குறுக்குப் பாதை.

அந்தக் குறுக்குப் பாதையில் எங்களுக்கு வரைபடமாக இருந்தவை கற்களும் சாமிகளும். தேயிலைத் தூருக்கு நடுவே குங்குமம் பூசிய கல் தெரிந்தால் மாடசாமி. அங்கே இடதுபக்கம் திரும்பிக் கானைத் தாண்ட வேண்டும். கவ்வாத்துக் கத்தி யார் காலையும் பதம் பார்க்காமல் இருக்க வேண்டிக்கொள்ளும் கவ்வாத்துசாமிக்கு மேலே ஏறினால் நாலாம் நம்பர் மலை. ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குள்ளே சக்கரத்துக்குக் காவலாக ரோதமுனி இருப்பார், அவரைத் தாண்டினால் பெரிய ரோட்டு. அதற்கும் மேலே பாதை தப்பிவிட்டால், எதிர்மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் அக்காமாரைப் பார்த்து ஒரு சத்தம் கொடுப்போம். வழி அப்புறம்தான் வரும். முதலில் ‘யாரு மகன் நீ?’ என்ற கேள்வி வரும். அப்பா பெயரைச் சொன்னால், அம்மா எந்தத் தோட்டத்தில் பிறந்தவள், மாமனுக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள், பாட்டிக்கு இருமல் எப்படி என்று மலைக்கு மலை பேச்சு ஓடி, கடைசியில் ஒருத்தி கையை நீட்டிக் காட்டுவாள். வழி கேட்கப் போனவனுக்கு உறவு கிடைத்த காலம் அது. இன்றைக்கு நடக்கிறவர் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கைபேசியில் நீலப் புள்ளி நகர்கிறது. பனி இறங்கி நாலு அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மாலைகளை அறிந்தவன் என்பதால், அந்தப் புள்ளியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வியின் ருசி வேறு.

அட்டைக்கு நாங்கள் சவர்க்காரம் தேய்ப்போம். காலை ஈரமாக்கி, முழங்கால் வரைக்கும் சவர்க்காரக் கட்டியை அழுத்தித் தேய்த்துக் காயவிட்டால் கால் வெள்ளையாகப் பொருக்கு விடும். மழையில் அது கரைந்து நுரைத்துக்கொண்டே இறங்கும். மிச்சத்துக்குச் சட்டைப்பையில் கடதாசியில் மடித்த உப்பு. இப்போது வருகிறவர்கள் முழங்காலில் கட்டிக்கொள்ளும் அட்டைக் காலுறை போடுகிறார்கள். அட்டை மட்டும் மாறவில்லை. பசிக்கு எங்களிடம் கோதுமை ரொட்டியும் பச்சைமிளகாய்ச் சம்பலும், போத்தலில் தேத்தண்ணியும் இருக்கும். பாதி வழியில் முள்முருங்கை நிழலில் குந்தி, ஆறிப்போன ரொட்டியை நாலு பேர் பிய்த்துத் தின்ற அந்தப் பையன்களுக்குக் கிடைத்த காற்றும் காட்சியும் இன்றைக்கு மடிக்கணினியில் படம் பார்த்து, விமானம் ஏறி வந்து அனுபவிக்க வேண்டிய பொருளாகிவிட்டன. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோ முச்சக்கர வண்டியில் பாடசாலைக்குப் போகிறார்கள். நனையாமல் போகிறார்களே என்பது ஒரு நிம்மதி. மாடசாமி கல் எங்கே என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை என்பது ஒரு வருத்தம்.

லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதையைப் பாதையில் வருகிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்கு முன்னால் நடந்த நடை ஒன்று உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய சனம், கங்காணிக்குப் பின்னால், காடு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆன 2023இல் அந்த வழியை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் திரும்பவும் நடந்தார்கள். என்னைக் கேட்டால், பீகோ பாதையின் உண்மையான முதல் கட்டம் ஹந்தானையில் தொடங்கவில்லை, மன்னார்க் கரையில் தொடங்குகிறது.

நடக்க வருகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. கொழுந்தெடுக்கும் பெண்ணை நிறுத்திப் படம் எடுக்கும்போது அவளுக்குக் கூடையில் எடை குறைகிறது. அன்றைய பெயருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது, மடுவத்தில் தராசு காத்துக்கொண்டு நிற்கிறது. அவள் மடுவத்துக்கு வந்து, எடை போட்டு, கூடையை இறக்கிய பிறகு பேசுங்கள். நாலு வார்த்தை அவளே பேசுவாள்.

பாதையைப் பராமரிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்பேன். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்தத் தோட்டத்துச் சனம் கல்லுக்கும் வளைவுக்கும் ஊற்றுக்கும் சாமிக்கும் வைத்த பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி நட வேண்டும். அந்தப் பெயர்கள் எந்தத் தோட்ட வரைபடத்திலும் இல்லை. லயத்து இஸ்தோப்பில் வெயில் காய்கிற கிழவிகளுக்குத்தான் தெரியும். பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளை ஒரு கொப்பியும் பேனையுமாக அவர்களிடம் அனுப்பினால் ஒரு தவணைக்குள் எழுதி வாங்கிவிடலாம்.