கம்ப்ரசரின் சம்மதம்

புதிதாக ஒரு பொருளை வாங்குவதைக் காட்டிலும், பழைய பொருளுக்குப் பதிலாக ஒன்றை வாங்குவது பன்மடங்கு சிரமமான காரியம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். புதுப் பொருள் விஷயத்தில் நமக்கு ஆலோசனை சொல்ல ஆசை ஒன்றுதான் உண்டு. பதிலுக்கு வாங்கும் விஷயத்திலோ, காலமாகிவிட்ட பொருளின் கீர்த்தியும் சபையில் வந்து உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொன்றையும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும். கோயமுத்தூர் கணபதியில், பம்பு வார்ப்படங்களுக்குப் பெட்லிங் செய்து கொடுக்கும் எங்கள் சிறிய பட்டறையில், வெகுகாலம் உழைத்த ஏர் கிரைண்டர் ஒன்று சமீபத்தில் மூச்சை நிறுத்திக்கொண்டபோது, அதுவரை அதைத் திட்டுவதற்கென்றே வாயைத் திறந்த மேஸ்திரி, "அந்த மாதிரி மிசின் இனி வராதுங்க" என்று கண் கலங்காத குறையாகச் சரமகவி பாடத் தொடங்கினார்.

தொழில் அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. பவுண்டரியில் மணல் அச்சிலிருந்து எடுத்த வார்ப்பு நேராகப் பம்பாகிவிடுவதில்லை. உருகிய இரும்பு உள்ளே ஓடிவந்த வழியில் உறைந்த ரன்னரின் அடிக்கட்டையும், மேலே தேங்கி நின்ற ரைசரின் அடையாளமும், அச்சின் இரு பாதிகள் கூடுமிடத்தில் பிதுங்கிய பிசிறும் அதன் உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தேய்த்தெடுத்து அதைக் கௌரவமான தோற்றத்துக்குக் கொண்டுவருவதே பெட்லிங். இதற்கு மின்சார கிரைண்டர் போதாதா என்று கேட்கலாம். வார்ப்பிரும்புத் தூள் அதன் காயிலுக்குள் புகுந்து கெடுக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஆர்மேச்சர் புகைந்துவிடும். காற்றுக் கிரைண்டரோ, அளவுக்கு மீறி அழுத்தினால் பேசாமல் நின்றுவிடும். கையைத் தளர்த்தினால் எதுவுமே நடவாததுபோல் மறுபடி சுழலும். கொடுக்கிற சக்திக்கு எடையும் குறைவு. இத்தனை நிதானமும் சகிப்புத்தன்மையும் வாய்ந்த ஒரு ஜீவன் ஏன் மாண்டுபோயிற்று என்பதை அறிய, மேசையின்மேல் அதைக் கிடத்திப் பிரேத பரிசோதனை செய்தோம்.

ஏர் கிரைண்டரின் உட்பகுதி பார்ப்பதற்கு அதிசயமான எளிமை உடையது. ஓர் உருளைக்குள், நடுவில் இல்லாமல் சற்றே ஒதுங்கி அமைந்த ரோட்டர். அதில் வெட்டிய பள்ளங்களில் நாலைந்து பிளேடுகள். சுழற்சியின் வேகத்தால் அவை வெளியே சறுக்கி உருளையின் சுவரைத் தழுவிக்கொள்ள, புகுந்த காற்று அவற்றைத் தள்ளித் தன் வழியைத் தேடிக்கொள்கிறது, அவ்வளவுதான் மோட்டார். அந்தச் சுழற்சியைத் தொண்ணூறு டிகிரி திருப்பி டிஸ்குக்குக் கொடுக்க இரண்டு பற்சக்கரங்கள். எங்கள் கிரைண்டரின் உருளையில் செந்துரு பூத்திருந்தது. பிளேடுகளில் இரண்டு, பள்ளத்தை விட்டு அசைய மறுத்து, கறுத்த பிசினில் ஒட்டிக்கிடந்தன. துருவுக்குக் காரணம், கம்ப்ரசர் டேங்கின் அடியில் சேரும் தண்ணீர். தினந்தோறும் அதை வடித்துவிட அடியில் ஒரு வால்வு உண்டு. ஆனால் அதைத் திறக்கக் குனிய வேண்டும். குனிந்து செய்ய வேண்டிய காரியங்கள் நம்மவர்களிடையே சந்நிதானங்களில் மட்டுமே ஒழுங்காக நடைபெறுகின்றன. பிசினுக்குக் காரணம், மெல்லிய ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 எண்ணெய் சில சொட்டுகள் விடவேண்டிய இடத்தில், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் கெட்டியான எண்ணெயை, "நல்லெண்ணம் இருந்தாப் போதும்" என்ற வேதாந்தத்தோடு யாரோ விட்டுவந்ததுதான். அந்த யாரோ யார் என்ற விசாரணையில் பட்டறை முழுவதும் ஒருமனதாக மௌனம் சாதித்தது.

இனிப் புதிதாக வாங்குவதுதான் வழி என்று தீர்மானமானவுடன், அபிப்பிராயங்கள் நாலா திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. மனிதர்கள் கருவியைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிக்கொண்டாலும் உண்மையில் தங்கள் சுபாவத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மேஸ்திரிக்குப் பலசாலியாக ஒன்று வேண்டும். பொறியியல் கல்லூரியில் படிக்கும் என் சகோதரியின் புதல்வனுக்கு, சுற்று வேகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உத்தமம். கணக்குப்பிள்ளைக்கோ விலை மட்டும் போதும், "காத்துக்கு என்னங்க செலவு? எதை மாட்டினாலும் ஓடிட்டுப் போகுது" என்பது அவர் சித்தாந்தம்.

காற்று இலவசம் என்ற இந்த மயக்கத்துக்கு ஆளானவர் அவர் ஒருவர் மட்டுமல்ல; அது ஏறக்குறைய இலவசமாகவே கிடைத்த இடமும் உண்டு. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து மோன் செனி ரயில் சுரங்கத்தை 1857-ல் தொடங்கியவர்கள், கை உளியால் ஆமை வேகத்தில் நகர்ந்தார்கள். 1861-ல் அழுத்திய காற்றில் இயங்கும் துளைக் கருவிகள் வந்த பிறகே வேலை துரிதப்பட்டு, 1871-ல் ரயில் ஓடிற்று. அங்கே காற்றை அழுத்திக் கொடுத்தது மலையிலிருந்து இறங்கி வரும் நீர்; அது மாதாமாதம் பில் அனுப்புவதில்லை. இங்கே அதே காரியத்தை மின்வாரியத்தின் மீட்டரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. கிரைண்டரின் முனையில் ஒரு ஹெச்.பி. சக்தி கிடைப்பதற்கு, கம்ப்ரசர் பக்கம் ஏழெட்டு ஹெச்.பி. மின்சாரம் செலவாகிறது; மீதியெல்லாம் உஷ்ணமாகப் பட்டறையைச் சூடேற்றப் போய்விடுகிறது. இதைக் கேட்ட கணக்குப்பிள்ளை, அன்று முழுவதும் கம்ப்ரசரைப் பார்த்த பார்வையில் பழைய நேசம் இல்லை.

கடையில் எங்களை வரவேற்றவர், தமது தொழிலை ஒரு சாஸ்திரமாகப் பயின்றவர். அலமாரியில் இருந்த பெட்டிகளில் அட்லஸ் காப்கோவை ஒரு பக்கமும் சிகாகோ நியூமேட்டிக்கை மறு பக்கமும் நிறுத்தி, இரண்டு ராஜ்யங்களுக்கு இடையே நடக்கும் யுத்தத்தை வர்ணிப்பவர்போல் ஒன்றின் பராக்கிரமத்தையும் மற்றதன் பரம்பரையையும் எடுத்துரைத்தார். சிகாகோக் கம்பெனியை 1987-லேயே ஸ்வீடன் தேசத்து அட்லஸ் காப்கோ வாங்கிவிட்டது என்பதை நான் மெதுவாக ஞாபகப்படுத்தியபோது, அவர் சிறிதும் சளைக்கவில்லை. "அதனாலதானுங்க ரெண்டுமே நல்லா இருக்குது" என்று யுத்தத்தை ஒரே வாக்கியத்தில் சமாதானமாக முடித்தார். இவற்றைத் தவிர, ஊர் பேர் தெரியாத பெட்டிகளும் ஏராளம். அவற்றில் விலை குறையக் குறைய, அட்டையில் அச்சிட்ட பராக்கிரமம் கூடிக்கொண்டே போயிற்று.

அந்த அட்டைகளில் நான் மிகவும் ரசித்தது, காற்றுச் செலவைக் குறிக்கும் வரி. நாலங்குல டிஸ்க் போடும் ஒரு கிரைண்டருக்கு, "சராசரி 5 சி.எப்.எம்." என்று போட்டிருந்தது, அதாவது நிமிஷத்துக்கு ஐந்து கன அடி காற்று. இவ்வளவு மிதாகாரியா என்று வியந்து, கீழே எறும்பு எழுத்தில் இருந்த குறிப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். ஒரு நிமிஷத்தில் பதினைந்து விநாடி மட்டும் ஓடி, பாக்கி நாற்பத்தைந்து விநாடி இளைப்பாறுவதாக வைத்துப் போட்ட கணக்காம் அது. காலையில் ஒரே மூச்சாகப் பன்னிரண்டு இட்லி சாப்பிட்ட விருந்தாளி, அன்றைக்கு மீதி மூன்று வேளையும் தான் உண்ணவில்லை என்பதைக் காட்டி, "வேளைக்கு மூன்று இட்லிதான் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிக்கொள்வது போன்ற சத்தியம்! அடுப்பில் இட்லி வைப்பவளுக்குப் பன்னிரண்டுதான் கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த கிரைண்டர் தின்னும் காற்று இருபது சி.எப்.எம். எங்கள் பெட்லிங்கில், டீ வருகிற நேரம் தவிர, இளைப்பாறுதல் என்பதே கிடையாது.

எங்கள் கம்ப்ரசர் 5 ஹெச்.பி. கொண்டது. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் நாளில் அதனால் பதினெட்டு முதல் இருபது சி.எப்.எம். வரை கொடுக்க முடியும். மேஸ்திரி கையில் எடுத்து வைத்துக்கொண்டு கீழே வைக்க மனமில்லாமல் நின்ற ஒரு ஹெச்.பி. கிரைண்டரோ முப்பதுக்கும் மேல் கேட்கிறது. அதை வாங்கிப் போட்டால், முதல் சில நிமிஷம் டேங்கில் இருக்கும் காற்றைக் குடித்துச் சிங்கமாகக் கர்ஜிக்கும். பிறகு காற்றழுத்தம் இறங்க இறங்க முனகத் தொடங்கும். மேலும், அட்டையில் போட்ட பலமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டரின் வாயில் 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால்தான். டேங்கின் மீட்டர் 120 காட்டுகிறதே என்று நாம் திருப்தியடைந்திருக்க, கால் அங்குல ஓஸும் நெருக்கமான கப்ளிங்குகளும் வழியிலேயே சுங்கம் வசூலித்துவிடுகின்றன. கிரைண்டரின் வாயில் அழுத்தம் 70-க்கு இறங்கினால், பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே எங்கள் யோக்கியதைக்கு ஏற்றது முக்கால் ஹெச்.பி.க்கு உட்பட்ட கிரைண்டர்தான் என்று தெளிவாயிற்று. சபையில் அத்தனை பேரும் கை தூக்கினாலும், கடைசி வோட்டு, கடைக்கே வராமல் பட்டறை மூலையில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் கம்ப்ரசருடையதாகவே இருந்தது.

அடுத்து மருமகனின் கட்சி. நிமிஷத்துக்கு 18,000 சுற்று என்று பறைசாற்றிய ஒரு பெட்டியை அவன் கண்டெடுத்து, "மாமா, இதுதான் சூப்பர்" என்றான். கடைக்காரரிடம் நாலங்குல டிஸ்க் ஒன்றை வாங்கி, அதில் அச்சிட்டிருந்ததை அவனையே வாசிக்கச் சொன்னேன். 80 மீட்டர், 15,300 சுற்று என்று இருந்தது. டிஸ்கின் விளிம்பு விநாடிக்கு 80 மீட்டர் ஓடலாம், அதற்குமேல் கூடாது என்பது அதன் தாத்பரியம். மணிக்கு 288 கிலோமீட்டர். கோவையிலிருந்து சென்னைக்குப் போகும் வந்தே பாரத் ரயில் கனவிலும் காணாத வேகம். அந்த வேகத்தில் ஒரு துண்டு பெயர்ந்தால், எந்தத் திசையில் போவது என்று நம்மைக் கலந்து ஆலோசிக்காது. உடனே அவன், அப்படியானால் மெதுவான கிரைண்டரை வாங்கி, பாதுகாப்புக் கார்டைக் கழற்றிவிட்டு ஐந்தங்குல டிஸ்க் மாட்டலாமே என்றான். ஐந்தங்குல டிஸ்குக்கு வரம்பு 12,250. நாலங்குல கிரைண்டர்கள் பலவற்றின் ஓட்டத்தில் அது வரம்பு மீறிச் சுற்றும். ஒரே நாளில் இரண்டு விதமாகத் தற்கொலைக்கு வழி கண்டுபிடித்த அவனது கல்வியைப் பற்றி நான் அபிப்பிராயம் ஒன்றும் தெரிவிக்கவில்லை. டிஸ்கின் நடுவளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருப்பதை மட்டும் காட்டி, பட்டறை அலமாரியில் இருப்பவற்றைச் சோதிக்கும் வேலையை அவனிடமே ஒப்படைத்தேன்.

மேஸ்திரியின் பரீட்சை முறை வேறு. அவர் அட்டையைப் பார்ப்பதே இல்லை. கிரைண்டரை வலது கையில் தூக்கி, கண்ணை மூடி, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். இல்லாத வார்ப்பின் உட்குழிவில் இல்லாத பிசிறைத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றை, "இது மொகத்துல காத்தடிக்குது" என்று தள்ளினார். கழிவுக் காற்று முன்பக்கமாக வெளியேறி, இரும்புத் தூளைக் கிளப்பி, கையையும் விறைக்கச் செய்யும் அமைப்பு அது. இன்னொன்றின் லீவர், கைபட்டாலே ஓடத் தொடங்கிற்று. பூட்டை விலக்கி அழுத்தினால்தான் ஓட வேண்டும் என்று அதையும் நிராகரித்தார். பின்புறம் காற்றை விடுவதும், பூட்டுள்ள லீவர் உடையதும், 12,000 சுற்றுக்கு உட்பட்டதுமான நடுத்தர விலைக் கிரைண்டர் ஒன்றில் அவர் கை வெகுநேரம் தங்கிற்று. கம்ப்ரசருக்கும் அது சம்மதமானதாகவே இருந்தது. மிச்சமான பணத்தில் அரை அங்குல ஓஸும், தண்ணீரைப் பிரித்து எண்ணெயை அளவாகக் கலக்கும் எப்.ஆர்.எல். ஒன்றும், ஒரு டப்பா 32-ஆம் நம்பர் எண்ணெயும் வாங்கினோம். கிரைண்டருக்குப் பணம் கொடுக்கும்போது முகம் சுளிக்காத கணக்குப்பிள்ளை, ஓஸுக்குக் கொடுக்கும்போது, "வெறும் டியூபுக்கா இவ்வளவு?" என்று நெடுமூச்செறிந்தார்.

இப்போது கிரைண்டர் திவ்வியமாக ஓடுகிறது. டேங்கின் வால்விலிருந்து ஒரு குழாயை இழுத்து, நின்றபடியே திறக்கும் உயரத்தில் வைத்துவிட்டதால், தண்ணீரும் தினந்தோறும் வடிகிறது. சென்ற வாரம் மேஸ்திரி என்னிடம் வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க, மிசின் அருமையா இருக்குதுங்க. இதே மாதிரி இன்னொண்ணு போட்டா ரெண்டு ஆளு ஒண்ணா தேய்க்கலாம். என்ன, கம்ப்ரசர்தான் சித்தெ சின்னதுங்க" என்றார். அடுத்த அறையில் கணக்குப்பிள்ளை எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.