சாஸ் பாட்டில் வைத்த இடைவெளி

கே: 1960-லிருந்து ஓடும் பிரிட்டிஷ் சீரியல் ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’டில் அப்படி என்னதான் இருக்கிறது?

ப: ஒரு தெரு இருக்கிறது, போதாதா? இருபதுகளின் தொடக்கத்திலிருந்த டோனி வாரன், சால்ஃபோர்டு தெருக்களின் வாசற்படிப் பேச்சை அப்படியே டி.வி.க்குக் கொண்டுவந்தார். முதல் எபிசோடிலேயே காலேஜ் மாணவன் கென் பார்லோ, சாப்பாட்டு மேஜையில் இருக்கும் சாஸ் பாட்டிலைப் பார்த்துக் கூசிப்போகிறான். படித்த பிள்ளைக்கும் உழைக்கும் அப்பாவுக்கும் உள்ள தூரத்தை ஒரு பாட்டிலில் அடைத்த எழுத்து அது! கென்னாக அன்று வந்த வில்லியம் ரோச், தொண்ணூறு தாண்டியும் அதே கென்தான்.

ஆனாலும் என் ஓட்டு வயலெட் கார்சன் நடித்த ஈனா ஷார்ப்பிள்ஸுக்கே. தலையில் கொண்டை வலை, நாக்கில் சவுக்கு. ‘ரோவர்ஸ் ரிட்டர்ன்’ பப்பில் பாட்டி உட்கார்ந்துவிட்டால், தெருவில் யாருக்கும் ரகசியம் மிஞ்சாது!