முன்னால் தொங்கும் மூட்டை

மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரில் பை மாட்டுகிறவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இந்த வாரத்து வெயிலில் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. எதிரே வருகிற வண்டி வலது பக்கம் திரும்பப் போகிறதா, நேரே வரப் போகிறதா என்று அந்தப் பையைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இண்டிகேட்டர் அதற்குப் பின்னால் எங்கேயோ எரிகிறது. எதிரே வருகிறவன் கண்ணில் படட்டும் என்று 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்றது அரசு. நாம் அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே ரெக்சினைத் தொங்கவிட்டோம்.

சாமான் வைக்கத்தானே பை என்பார்கள். இல்லை, தூக்கிப் போட மனசு வராததை வைக்கத்தான். ஜிப்பைத் திறந்து பாருங்கள், பாதியில் மாட்டிக்கொள்ளும். முதலில் வருவது வண்டி துடைக்கிற பழைய பனியன். அதைத் தொட்டால் கை துடைக்க இன்னொரு பனியன் வேண்டும். அடுத்து பெட்ரோல் பில்கள், மை வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டவை. ஏதோ ஒரு கோயில் விபூதிப் பொட்டலம் அவிழ்ந்து, உள்ளே இருக்கிற அத்தனைக்கும் பட்டை போட்டிருக்கும். உருகிப் போன இருமல் மிட்டாயில் ஒரு சாவி ஒட்டியிருக்கும். பூட்டு வீட்டில் இருக்காது. விற்றுவிட்ட வண்டியின் ஸ்பார்க் பிளக். மழைக்கோட்டின் பேண்ட் மட்டும். பேனா மூடி. ஒரு ஸ்பேனர் இருக்கும், இந்த வண்டியின் எந்த நட்டுக்கும் சேராது. இத்தனையும் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிறது, கிளட்ச் கேபிளை உரசுகிறது, முழுசாக ஒடித்தால் டாங்க்கில் போய் இடிக்கிறது.

டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் அரிசி மூட்டையே போகிறதே என்று கேட்கலாம். போகிறது, ஆனால் அது காலடித் தட்டில், சட்டத்தின் மேல் உட்கார்ந்து போகிறது. ஹேண்டிலுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்படியானால் டாங்க் மேல் காந்தப் பை வைக்கலாமே என்றால், டாங்க் இரும்பாக இருந்தால்தான் காந்தம் பிடிக்கும், இடையில் மண் புகுந்தால் பெயின்ட் போகும். திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு டாங்க்குக்குக் கையாலேயே கோடு இழுத்த வம்சம் நாம். அந்தக் கோட்டுக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி, ஷோரூம் வாசலிலேயே கவர் போட்டு மூடுகிறவர்களும் நாம்தான். லடாக் போகிறவர் ஹேண்டிலில் பை மாட்டிக்கொள்ளட்டும், வழி நெடுக மருந்தும் வரைபடமும் தேவைப்படும். மாம்பலத்திலிருந்து தாம்பரம் போகிறவருக்கு என்ன பயணச் சாமான்? ஆர்.சி., இன்சூரன்ஸ் என்று இழுப்பார்கள். டிஜிலாக்கரில் காட்டினால் போதும் என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லியாகிவிட்டது. அதுவும் போகட்டும். போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினால் இவர்கள் முதலில் தடவுவது சட்டைப் பையை, அப்புறம் பேண்ட் பையை, அதற்கப்புறம் வீட்டுக்கு ஒரு போன்.